கப்பித்தான் கிளிங் காதர் முகைதீன்: நகரத்தின் நடுவே 18 ஏக்கர்

பட்டர்வொர்த்தில் பெர்ரி ஏறி பினாங்குக்குப் போய்வராத குடும்பம் நம் புக்கிட் செலம்பாவில் இருக்காது. பெருநாளைக்குத் துணி எடுக்க, ஊரிலிருந்து வந்த உறவினரைப் பார்க்க என்று ஏதாவதொரு காரணம் வந்துவிடும். சின்ன வயதில் அத்தா எங்களை அழைத்துப் போனால், கரை இறங்கியதும் முதலில் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலுக்குத்தான் போவோம். லுஹர் தொழுத பிறகுதான் நாசி கண்டார். கப்பித்தான் என்றால் கப்பல் ஓட்டும் கேப்டன் என்றே நான் நெடுநாள் நினைத்திருந்தேன். அது ஒரு பதவியின் பெயர் என்பதும், அதை வகித்தவர் நம்மைப் போல் தமிழ்க் கரையிலிருந்து வந்த ஒருவர் என்பதும் வளர்ந்த பிறகுதான் தெரிந்தது. பொன்விழா மலரில் நம் பிள்ளைகளுக்காக அவரைப் பற்றி எழுதுவது பொருத்தம் என்று நினைக்கிறேன்.

அவர் பெயர் காதர் முகைதீன். பழைய ஆங்கில ஆவணங்களில் அந்தப் பெயர் ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு விதமாக எழுதப்பட்டிருக்கிறது. பூர்வீகம் பரங்கிப்பேட்டை. ஐரோப்பியர் போர்ட்டோ நோவோ என்றும், நம்மவர் மஹ்மூது பந்தர் என்றும் அழைத்த துறைமுகம் அது. மரைக்காயர் வம்சத்தவர். மரைக்காயர் என்ற சொல் மலாய் நாட்டில் மெரிக்கன் ஆகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் அந்தக் குடும்பப் பெயருள்ள பிள்ளையை அமெரிக்கனா என்று சக மாணவர்கள் கேலி செய்தால், அந்தப் பெயர் அமெரிக்கா என்ற நாடு சுதந்திரம் அடைவதற்கு முன்பே கடல் தாண்டிய பெயர் என்று சொல்லிக் கொடுங்கள்.

பினாங்கில் நம்மவர் கதை பிரான்சிஸ் லைட்டோடு தொடங்குகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. அந்தக் கதை நம் கெடாவில் தொடங்குகிறது. மெர்போக் ஆற்றையும் மூடா ஆற்றையும் ஒட்டிய நம் பகுதி, கடாரம் என்ற பெயரில் தமிழகத்துக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்த இடம். சோழமண்டலக் கரையின் முஸ்லிம் வணிகர்களை இங்கே சூலியாக்கள் என்றார்கள். துணி கொண்டுவந்து விற்று, பாக்கு, மிளகு, தகரம் ஏற்றிப் போவது அவர்கள் வியாபாரம். 1786-இல் கெடா சுல்தானிடமிருந்து பினாங்குத் தீவைப் பெற்ற லைட், 1794-இல் எழுதிய அறிக்கையில் தீவில் குடியேறிய சூலியாக்கள் ஏறத்தாழ ஆயிரம் பேர் என்று கணக்குக் காட்டுகிறார். அவர்களில் பெரும்பாலோர் நெடுங்காலமாகக் கெடாவோடு வணிகம் செய்தவர்கள், சிலர் கெடாவிலேயே பிறந்தவர்கள் என்பதும் அந்த அறிக்கையில் உண்டு. இது போக, ஆண்டுதோறும் 1,300 முதல் 2,000 பேர் வரை கப்பலில் வந்து, கிடைத்த வேலையைச் செய்து, நாலு காசு சேர்த்துக்கொண்டு ஊர் திரும்பினார்கள். சீனர்களின் தலைவராகப் பினாங்கில் அமர்ந்த கோ லே ஹுவானும் நம் கோலா மூடாவில் இருந்து போனவர்தான். லைட் காட்டை வெட்டி ஊர் கட்டினார் என்றால், அந்த ஊரில் குடியேறிக் கடை திறந்தவர்களில் பலர் கெடாவிலிருந்து போனவர்கள்.

புதிய ஊரில் சட்டமும் இல்லை, முறையான நீதிமன்றமும் இல்லை. ஒவ்வொரு சமூகத்துக்கும் ஒரு தலைவரை வைத்து அவர் மூலமாக ஆள்வது கிழக்கிந்தியக் கம்பெனி கண்ட எளிய வழி. அந்தத் தலைவர்தான் கப்பித்தான். 1801-இல் லெப்டினன்ட் கவர்னர் சர் ஜார்ஜ் லீத், தென்னிந்திய மக்களின் கப்பித்தானாகக் காதர் முகைதீனை நியமித்தார். இந்த லீத்துக்கும் நமக்கும் இன்னொரு தொடர்பு உண்டு. 1800-இல் கெடாவோடு உடன்படிக்கை செய்து செபெராங் பிறை கரையைக் கம்பெனிக்கு வாங்கியவர் இவர்தான். அன்றிலிருந்து கோலா மூடாவுக்குத் தெற்கே உள்ள கரை வேறு ஆட்சிக்குப் போனது.

கிளிங் என்ற சொல்லைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். கலிங்கம் என்ற பெயரிலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் அந்தச் சொல், அன்றைக்கு இந்தியக் கரையிலிருந்து வந்த எல்லாரையும் குறித்தது. இன்று அது வசைச்சொல். கேட்டால் நமக்கு வலிக்கிறது, வலிக்கத்தான் வேண்டும். ஆனால் பள்ளிவாசலின் பெயரில் அது நிற்கும்போது யாரும் தலை குனிவதில்லை. அங்கே அது ஒரு பதவியின் பெயராகவே நிலைத்துவிட்டது.

அதே 1801-இல், மலபார் தெரு என்று அன்று பெயர் பெற்றிருந்த சூலியா தெருவின் தென்புறத்தில், பள்ளிவாசலுக்காக 18 ஏக்கர் நிலத்தைக் கம்பெனி வழங்கியது. காதர் முகைதீன் செய்த காரியங்களில் மற்றவற்றையெல்லாம் ஒரு தட்டில் வைத்தாலும் இது தனித் தட்டில் வைக்க வேண்டியது. ஏறத்தாழ பதினைந்து வயதே ஆன ஒரு துறைமுக ஊரின் நடுவில் 18 ஏக்கர்! அதில் முதலில் எழுந்தது எளிய பள்ளிதான். பிறகு இந்தியாவிலிருந்து கொத்தனார்களையும் கட்டடப் பொருள்களையும் வரவழைத்துச் செங்கல் பள்ளி கட்டினார்கள். பள்ளியைச் சுற்றி நம்மவர் வீடுகள் வந்தன. ஆலிம்கள், பயணிகள், ஏழைகள் தங்க இடம் கிடைத்தது. இறந்தவர்களுக்கு அடக்கத்தலம் கிடைத்தது. சூலியா தெருவில் நாகூர் ஆண்டகையின் நினைவாகத் தர்கா எழுந்தது. கரையோரம் படகுக்காரர்கள் வாழ்ந்த கிங் ஸ்ட்ரீட் நம்மவர் வாயில் படகுக்காரத் தெருவாயிற்று. மார்க்கெட் ஸ்ட்ரீட் கடைத்தெருவாயிற்று.

அந்த ஒரே வட்டாரத்தில் வேறு எவையெல்லாம் கட்டப்பட்டன என்பதையும் பார்க்க வேண்டும். 1800-இல் சீனர்களின் குவான் யின் கோயில். 1818-இல் செயின்ட் ஜார்ஜ் தேவாலயம். 1801-இல் நிலம் வழங்கப்பட்டு, 1833-இல் கட்டப்பட்ட மகாமாரியம்மன் கோயில். எல்லாம் நடந்துபோகும் தூரத்தில். இன்று அந்தப் பிட் ஸ்ட்ரீட்டுக்கு நம் பள்ளியின் பெயரே சாலைப் பெயராகிவிட்டது. நல்லிணக்கத் தெரு என்று சுற்றுலாக்காரர்கள் படம் எடுக்கிறார்கள். அன்று அதை யாரும் அப்படித் திட்டமிட்டுக் கட்டவில்லை. அவரவர் தலைவர் அவரவர் மக்களுக்கு நிலம் கேட்டு வாங்கினார். அருகருகே வாழ வேண்டியிருந்தது, வாழ்ந்தார்கள்.

1807-இல் நீதிச் சாசனம் வந்து, அடுத்த ஆண்டு நீதிமன்றமும் திறந்தபோது கப்பித்தான்களின் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் போய்விட்டது. காதர் முகைதீனின் செல்வாக்கு குறைந்ததாகத் தெரியவில்லை. செல்வம், நிலம், கப்பல் வணிகம், பெரிய குடும்பம் எல்லாம் அவரிடம் இருந்தன. 1821-இல் சயாமியர் கெடாவைத் தாக்கியபோது சுல்தான் அகமது தாஜுதீனும் ஆயிரக்கணக்கான மக்களும் பினாங்குக்கு ஓடிவந்ததையும் அவர் தம் கண்ணால் கண்டார். 1834-இல் காலமானார். தம் சொத்துக்களில் ஒரு பகுதியை அறத்துக்கென ஒதுக்கி எழுதிவைத்துப் போனார். அவர் மகன் முகமது மெரிக்கன் நூர்தீனும் பெரும் வணிகராக வாழ்ந்தார். சூலியா தெருவிலுள்ள நூர்தீன் குடும்ப அடக்கத்தலமும் நூர்தீன் தெருவும் அந்தப் பெயரை இன்றும் சுமக்கின்றன.

கட்டியவரின் கதை இங்கே முடிந்தாலும் நிலத்தின் கதை முடியவில்லை. அதைச் சொல்லாமல் விட்டால் பாதிதான் சொன்னதாகும். அவருக்குப் பின் எழுபது ஆண்டுகளில் பள்ளியைச் சுற்றிய வக்ஃபு நிலம் குடிசைகளாலும் கடைகளாலும் நிரம்பி மூச்சுத் திணறியது. வாடகை யாருக்குப் போகிறது, எதற்குச் செலவாகிறது என்பதில் தகராறு. எங்கள் பாட்டனார் கொடுத்தது என்பார் ஒருவர், ஜமாஅத்துக்குச் சொந்தம் என்பார் இன்னொருவர். கடைசியில் காலனி அரசு தலையிட்டது. 1905-இல் முஸ்லிம், இந்து அறக்கொடைச் சட்டம் வந்தது. அதன்படி அமைந்த வாரியம் நிலத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. குடியிருப்புகளை இடித்தது, கடைவீடுகள் கட்டியது, வருமானத்தை ஒழுங்குபடுத்தியது. கட்டடக் கலைஞர் ஹென்றி ஆல்பிரட் நியூபுரோனர் 1910-ஐ ஒட்டிப் பள்ளியை மொகலாயப் பாணியில் விரிவாக்கினார். இன்று நாம் அண்ணாந்து பார்க்கும் குவிமாடங்கள் அந்தக் காலத்தவை. 1930-களில் மீண்டும் விரிவாக்கினார்கள்.

பள்ளி அழகானது, உண்மை. அதற்காக, அந்த நிலத்தில் மூன்று தலைமுறை குடியிருந்து வீடிழந்து போன நம்மவர் குடும்பங்களை மறந்துவிடக் கூடாது. வாரியம் வந்திராவிட்டால் நிலமே மிஞ்சியிருக்காது என்பதையும் மறுக்க முடியாது. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது. நம் சங்கக் கூட்டங்களில் கட்டடப் பத்திரம் யார் பெயரில் இருப்பது, கணக்கை யார் பார்ப்பது என்று பேச்சு எழும்போதெல்லாம், வெட்டிப் பேச்சு என்று சலித்துக்கொள்ளும் இளைஞர்களிடம் இந்த எழுபது ஆண்டுக் கதையைத்தான் நான் சொல்வேன்.

2008-இல் ஜார்ஜ் டவுன் உலக மரபுரிமைத் தலமானது. அந்த மரபுரிமை எல்லைக்குள் நம் பள்ளிவாசல் நடுநாயகமாக நிற்கிறது. சுற்றியுள்ள வளாகம் பழைய 18 ஏக்கரில் ஒரு பங்குதான். உலகெங்கிலுமிருந்து வருகிறவர்கள் மினாராவைப் படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள்.

கப்பித்தானின் கபர் பள்ளி வளாகத்தில் இல்லை. சற்றுத் தள்ளி, கம்போங் கோலம் சாலையில் இருக்கிறது. கோலம் என்றால் மலாயில் குளம், நம் சொல்தான் அங்கே போயிருக்கிறது. அடுத்த முறை பெர்ரி ஏறும்போது தொழுகை முடிந்ததும் பிள்ளைகளை அங்கே அழைத்துப் போங்கள். நடந்தே போகலாம், சில நிமிடங்கள்தான். நாசி கண்டார் அதற்குப் பிறகு சாப்பிடலாம்.