கங்கை கொண்டவர் தலைவணங்கிய இடம்

ஓம் சரவணபவ! 

இன்னைக்கு நம்ம அரியலூர் மாவட்டத்து மண்ணை ஆண்ட ஒரு மகாராஜாவைப் பத்திப் பார்ப்போம். முதலாம் ராஜேந்திர சோழர்.

ராஜராஜ சோழரோட பிள்ளை. 1012ல் இளவரசுப் பட்டம், 1014ல் அரியணை. ஈழம் முழுசும் அவர் கைக்கு வந்தது. அவர் படை வடக்கே கங்கை வரை போய் ஜெயிச்சது. தோத்த மன்னர்கள் தலையில் கங்கை நீரைச் சுமந்து வர, அதை ஊத்தி சோழகங்கம்னு ஒரு ஏரியே வெட்டினார். இப்ப நாம பொன்னேரின்னு சொல்றது அதுதான். 1025ல் கப்பல் படை கடல் தாண்டி ஸ்ரீவிஜயத்தையும் கடாரத்தையும் வென்றது.

இவ்வளவு ஜெயிச்சவர், ஜெயங்கொண்டம் பக்கத்துல புதுத் தலைநகர் கட்டி, நடுவுல ஈசனுக்குக் கோயில் எழுப்பினார். அதுதான் கங்கைகொண்ட சோழபுரம். விமானம் தஞ்சையை விட உயரம் கம்மி. அப்பா கட்டினதை மிஞ்சக் கூடாதுன்னு அப்படிக் கட்டினார்னு ஊர்ல சொல்வாங்க.

அங்கே நம்ம முருகனும் இருக்கார், வாளும் கேடயமும் சேவலுமா, போர்க்கோலத்துல ஒரு செப்புத் திருமேனி. படை நடத்தின ராஜாவுக்கு தேவசேனாபதிதானே துணை!

ஆனா என்னை நிறுத்தி வச்சது வடக்குப் படிக்கட்டு ஓரம் இருக்கிற சண்டேசர் சிற்பம். மாடு மேய்ச்ச சின்னப் பையன் மணல்ல லிங்கம் பிடிச்சு, பாலை ஊத்திக் கும்பிட்டான். தடுத்த அப்பாவையே எதிர்த்து நின்னான். அந்த பக்திக்கு ஈசனே தன் கையால அவன் தலையில கொன்றை மாலை சூட்டுறார். அது நடந்த திருச்சேய்ஞலூர், சூரனை வெல்லப் போறதுக்கு முன்னாடி சேயோனாகிய முருகன் சிவபூஜை செய்த தலம்!

அந்தச் சிற்பத்துல கைகூப்பி உட்கார்ந்திருக்கிறது ராஜேந்திரரேதான்னு ஆய்வாளர்கள் பலர் சொல்றாங்க. உலகத்தையே ஜெயிச்சவர், சாமி முன்னாடி ஒரு மாட்டுக்காரப் பையனா உட்கார்ந்துட்டார்.

1044ல் அவர் காலம் முடிஞ்சது. அரண்மனை இருந்த மாளிகைமேட்டுல இப்ப செங்கல் அடித்தளம்தான் மிச்சம். 1836ல் அணைக்கரை கட்டக் கோயில் மதில் கல்லைக்கூட எடுத்துட்டுப் போனாங்க. ஆனா அவர் கும்பிட்ட சன்னதியில இன்னைக்கும் விளக்கு எரியுது. ஐப்பசி பௌர்ணமியில பெருவுடையாருக்கு அன்னாபிஷேகம் நடக்குது.

ஒரு ப்ரமோஷன் வந்தாலே எனக்குத் தலை கால் புரியல. ஆட்டம் போடத் தோணும்போதெல்லாம் அந்தப் படிக்கட்டை நினைச்சுக்கிறேன்.

ஒரு தடவை குடும்பத்தோட போய்ப் பாருங்க. அடியார்களுக்குப் பகிருங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா! 🦚