அமைதி நாடிய காப்டன்

நாட்டின் எல்லையில் நின்று பகைவரை எதிர்ப்பது வீரம். அதனை உலகம் அறியும், போற்றும். பிறிதொரு வீரமும் உண்டு. பகைவர் வருகின்றனர் என்னும் வதந்தி எங்கும் பரவி, நாடே நடுங்கிப் போர் வேண்டும் என்று முழங்கும் வேளையில், அவ்வச்சத்திற்குத் தக்க காரணம் உண்டா என்று அமைதியாக ஆராய்ந்து, இல்லையெனின் இல்லை என்று துணிந்து கூறுவதே அவ்வீரம். அதற்குக் கிடைக்கும் பரிசு பெரும்பாலும் ஏச்சும் இகழ்ச்சியுமே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்து நாட்டில் வாழ்ந்த ரிச்சர்டு காப்டன் இத்தகைய வீரர். அவர் வாளேந்தியவர் அல்லர், துணி வணிகர். வணிகர் தம் கணக்கேட்டைப் புரட்டிப் பார்ப்பது போல அவர் நாட்டின் போர்ச் செலவுகளைப் புரட்டிப் பார்த்தார். வீண் அச்சத்தால் எவ்வளவு பொருள் அழிந்தது, எத்தனை உயிர் மடிந்தது என்பதை மக்களுக்கு எடுத்துரைப்பதையே வாழ்நாட் பணியாகக் கொண்டார்.

காப்டன் 1804ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 3ஆம் நாள், சசெக்ஸ் மாவட்டத்தில் ஓர் எளிய உழவர் குடியில் தோன்றினார். பதினொரு மக்களுள் அவர் நான்காமவர். தந்தையார் நல்லியல்பினர், ஆயினும் பொருளைப் பேணும் திறமை வாய்க்கப் பெறாதவர். ஆதலின் நிலம் கைவிட்டுப் போயிற்று. குடும்பம் வறுமையில் ஆழ்ந்தது. சிறுவர் காப்டன் தொலைவிலுள்ள யார்க்ஷயர்ப் பள்ளி ஒன்றிற்கு அனுப்பப்பட்டார். அங்கே நல்லுணவும் இல்லை, நற்கல்வியும் இல்லை. ஐந்து ஆண்டுகள் அத்துன்பத்தைப் பொறுத்திருந்த அவர், பதினைந்தாம் வயதில் இலண்டனில் உறவினர் ஒருவரது துணிக்கிடங்கில் எழுத்தராக அமர்ந்தார். பகலெல்லாம் உழைத்து, ஓய்ந்த நேரத்தில் நூல்களைக் கற்றார். பின்னர் ஊர்தோறும் சென்று துணி விற்கும் முகவரானார். 1828ஆம் ஆண்டு நண்பர் இருவருடன் கூடிச் சொந்தமாக வணிகம் தொடங்கினார். சில ஆண்டுகளில் சீட்டித் துணி அச்சிடும் தொழிற்சாலைக்கு உரிமையாளராகி, மான்செஸ்டர் நகரில் குடியேறினார்.

செல்வம் சேரத் தொடங்கிய அந்நாளிலேயே அவர் உள்ளம் பொதுநலத்தின்பால் திரும்பிற்று. அமெரிக்கா, எகிப்து, துருக்கி முதலிய நாடுகளுக்குச் சென்று, அவற்றின் நிலையை நேரிற் கண்டார். அக்காலத்தில் இங்கிலாந்தில் ரஷ்யாவைப் பற்றிய பேரச்சம் பரப்பப்பட்டு வந்தது. ரஷ்யா துருக்கியை விழுங்கிவிடும். பின் இங்கிலாந்திற்கே கேடு விளையும் எனப் பலர் எழுதினர். காப்டன் 1836ஆம் ஆண்டில் ரஷ்யாவைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். அயல்நாட்டார் பூசல்களிலெல்லாம் தலையிடுவதால் இங்கிலாந்திற்குக் கடனும் வரியுமே மிஞ்சும் என்று அதில் காட்டினார்.

அவருக்குப் பெரும்புகழ் தந்தது தானியச் சட்ட எதிர்ப்பு ஆகும். 1815ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட அச்சட்டம், வெளிநாட்டுத் தானியம் குறைந்த விலையில் வருவதைத் தடுத்தது. நிலக்கிழார்கள் கொழுத்தனர்; ஏழை மக்கள் ரொட்டிக்கு அலைந்தனர். காப்டனும் அவருடைய உயிர்த்தோழர் ஜான் பிரைட்டும் நாடெங்கும் சென்று அச்சட்டத்தின் கொடுமையை விளக்கினர். 1841ஆம் ஆண்டில் காப்டன் பாராளுமன்ற உறுப்பினரானார். அயர்லாந்தில் உருளைக்கிழங்கு நோயுற்றுப் பஞ்சம் தோன்றிய பின், 1846ஆம் ஆண்டில் முதலமைச்சர் சர் ராபர்ட் பீல் அச்சட்டத்தை நீக்கினார். அவ்வெற்றிக்குரிய பெயர் காப்டனுடையதே என்றும் மனமுவந்து கூறினார். பொதுப்பணியில் ஈடுபட்டுத் தொழிலைக் கவனியாது விட்டமையால் காப்டன் பொருளிழந்து நின்றார். நன்றி மறவாத மக்கள் 75,000 பவுனுக்கு மேற்பட்ட தொகையைத் திரட்டி அவருக்கு அளித்தனர். அதனைக் கொண்டு தாம் பிறந்த பண்ணையை மீட்டுக்கொண்டார்.

இனிப் புகழில் இளைப்பாறி இருந்திருக்கலாம். ஆனால் அவர், மக்கள் விரும்பாத ஒரு செய்தியைச் சொல்லப் புறப்பட்டார். 1848ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வெல்லிங்டன் பெருமகனாரின் மடல் ஒன்று செய்தித்தாளில் வெளிவந்தது. பிரான்சு படையெடுத்தால் இங்கிலாந்தின் கரை காப்பற்றுக் கிடக்கிறது என்று அம்முதிய படைத்தலைவர் அதில் கவலையுற்றிருந்தார். நாடெங்கும் கலக்கம் உண்டாயிற்று. படைச்செலவிற்காக வருமான வரியை உயர்த்த அரசாங்கம் முற்பட்டது. ஆயின் நிகழ்ந்தது யாது? அடுத்த திங்களே பிரான்சில் புரட்சி வெடித்தது. படையெடுத்து வருவார் என்று ஆங்கிலேயர் அஞ்சிய லூயி பிலிப்பு மன்னர், முடியிழந்து, வேறு பெயர் பூண்டு, அந்த இங்கிலாந்திலேயே அடைக்கலம் புகுந்தார். வரி உயர்வும் கைவிடப்பட்டது.

அச்சத்தைக் கண்டிப்பதோடு காப்டன் அமையவில்லை. போருக்கு மாற்றும் கூறினார். இரு மனிதர்க்கிடையே வழக்கு எழுந்தால் நடுவர் தீர்ப்பதுபோல, இரு நாடுகளுக்கிடையே எழும் வழக்கையும் நடுவரைக் கொண்டு தீர்க்க முன்கூட்டியே உடன்படிக்கை செய்துகொள்ள வேண்டும் என்று 1849ஆம் ஆண்டு ஜூன் திங்களில் பாராளுமன்றத்தில் தீர்மானம் கொணர்ந்தார். அதனை ஆதரித்தோர் 79 பேர்; எதிர்த்தோர் 176 பேர். தீர்மானம் தோற்றது, அக்கருத்துத் தோற்கவில்லை என்பதைப் பின்னர்க் காண்போம்.

1851ஆம் ஆண்டின் இறுதியில் லூயி நெப்போலியன் பிரான்சின் ஆட்சியைத் தன் கைக்கொண்டபோது, இரண்டாம் முறை அச்சம் பரவிற்று. ஓர் இரவில் பிரெஞ்சுப் படை கரையேறிவிடும் எனச் செய்தித்தாள்கள் எழுதின. 80,000 பேர் கொண்ட குடிப்படையைத் திரட்டச் சட்டம் இயற்றப்பட்டது. ஆயினும் இரண்டாண்டுகள் செல்வதற்குள், கொடிய பகைவன் எனப்பட்ட அந்நெப்போலியனே இங்கிலாந்தின் நண்பன் ஆனான். இருவரும் கூடி 1854ஆம் ஆண்டு ரஷ்யாவின்மீது போர் தொடுத்தனர். அதுவே கிரிமியப் போர்.

இதற்கிடையே நம் நாட்டுக்கும் தொடர்புடைய ஒரு போர் காப்டனின் கருத்தை ஈர்த்தது. 1851ஆம் ஆண்டில் இரங்கூன் ஆளுநர், ஆங்கிலக் கப்பல் தலைவர் இருவர்க்குத் தண்டம் விதித்தார். அவர்கள் கேட்ட இழப்பீடு ஆயிரம் பவுனுக்கும் குறைந்தது. அச்சிறு வழக்கு வளர்ந்து வளர்ந்து 1852ஆம் ஆண்டில் பர்மாவின்மீது போராக மூண்டது. பெகு நாடு பிடித்துக்கொள்ளப்பட்டது. சென்னை மாகாணத்துச் சிப்பாய்களும் கடல்கடந்து சென்று அப்போரில் ஈடுபட்டனர். காப்டன் அரசாங்கத்தின் ஏடுகளையே சான்றாகக் கொண்டு, இந்தியாவில் போர்கள் எவ்வாறு உண்டாக்கப்படுகின்றன என்பதை 1853ஆம் ஆண்டில் ஒரு நூலாக எழுதினார். போரை முடிவு செய்வோர் வேறு, அதன் செலவைச் சுமப்போர் வேறு என்பதையும், அச்சுமை இந்தியக் குடிமக்களின் தலையிலே விழுந்தது என்பதையும் அந்நூல் தெளிவாக்கிற்று.

கிரிமியப் போர் தொடங்கியபோது இங்கிலாந்து முழுதும் வெறிகொண்டது போல் ஆயிற்று. காப்டனும் பிரைட்டும் ஏறத்தாழத் தனித்து நின்றனர். கூட்டங்களில் அவர்கள் குரல் எடுபடவில்லை. அவர்களை நாட்டுப்பற்று அற்றவர் எனத் தூற்றினர். பிரைட்டின் உருவப் பொம்மையைக் கொளுத்தினர். போரின் பயனோ கொடிதாக இருந்தது. ஆங்கிலேயருள் 20,000 பேருக்குமேல் மாண்டனர். அவருள் பெரும்பாலோர் குண்டுபட்டு இறந்தவர் அல்லர். குளிராலும் கழிச்சலாலும் காய்ச்சலாலும் மடிந்தவர். 240 பென்னி கொண்ட ஒரு பவுனுக்கு 7 பென்னியாக இருந்த வருமான வரி, 1854இல் 14 பென்னியாகவும் 1855இல் 16 பென்னியாகவும் ஏறிற்று. 1856ஆம் ஆண்டின் உடன்படிக்கையால், ரஷ்யா கருங்கடலில் போர்க்கப்பல் வைத்திருத்தல் ஆகாது என்று விதித்தனர். 1870ஆம் ஆண்டில் ரஷ்யா அவ்விதியைப் புறக்கணித்தது. மறு ஆண்டில் வல்லரசுகள் அதற்கு இசைந்தன. இவ்வாறு, அத்தனை உயிரும் பொருளும் கொடுத்துப் பெற்ற பெரும்பயன் பதினைந்தாண்டே நிலைத்தது.

அந்த 1856ஆம் ஆண்டிலேயே காப்டனின் இல்லத்திலும் பேரிடி விழுந்தது. ஜெர்மனியில் கல்வி பயின்றுவந்த அவருடைய ஒரே மகன், பதினைந்து வயதினன், நச்சுக் காய்ச்சலால் திடீரென இறந்தான். தாயார் துயரத்தால் செயலற்றுப் போனார். காப்டன் நெடுநாள் வீட்டிலேயே இருந்து மனைவியாரைத் தேற்றினார்.

ஆயினும் கடமை அவரை மீண்டும் அழைத்தது. 1856 அக்டோபரில் சீன அதிகாரிகள் ‘ஆரோ’ என்னும் கப்பலில் ஏறிச் சிலரைச் சிறைப்பிடித்தனர். அக்கப்பலின் ஆங்கிலப் பதிவு சில நாட்களுக்கு முன்பே காலாவதி ஆகியிருந்தது. எனினும், ஆங்கிலக் கொடி இழிவுபடுத்தப்பட்டது என்று கூறிக் காண்டன் நகரின்மீது குண்டு பொழிந்தனர். அதனை நடத்திய ஹாங்காங் ஆளுநர் காப்டனின் பழைய நண்பர். நட்புக்காக நீதியைக் காப்டன் விடவில்லை. அரசாங்கத்தைக் கண்டித்து அவர் கொணர்ந்த தீர்மானம், 1857 மார்ச்சு 3ஆம் நாள் 263 வாக்குக்கு 247 வாக்காக வெற்றி பெற்றது. முதலமைச்சர் பாமர்ஸ்டன் பிரபு உடனே பாராளுமன்றத்தைக் கலைத்து, நாட்டின் மானம் போயிற்று என்று மக்களிடம் முறையிட்டார். சினமும் அச்சமும் கலந்த அத்தேர்தலில் காப்டன் தோற்றார், பிரைட்டும் தோற்றார். உண்மையைச் சொன்னவர் வெளியேறினர். போரை நடத்தியவர் வென்றனர்.

இரண்டாண்டு கழித்து, காப்டன் அமெரிக்காவில் இருந்தபோதே, ராச்டேல் நகரத்தார் அவரைத் தேர்ந்தெடுத்தனர். பாமர்ஸ்டன் அவருக்கு அமைச்சர் பதவி அளிக்க முன்வந்தார். அவருடைய போர்க்கொள்கையைப் பல்லாண்டு எதிர்த்த தாம் அவர்கீழ் அமர்தல் தகாது எனக் காப்டன் மறுத்தார். பதவியின்றியே பாரிசு சென்று, பிரெஞ்சுப் பொருளியல் அறிஞர் மிசேல் செவாலியேயுடன் கூடி முயன்று, 1860 ஜனவரியில் இருநாட்டு வணிக உடன்படிக்கை உருவாகச் செய்தார். அவர் சுங்க வரிகளைக் குறைத்து நட்பை வளர்த்த அவ்வாண்டிலேயே, பாமர்ஸ்டன் பிரான்சின் படையெடுப்பைக் காட்டி, ஏறத்தாழ 90 இலட்சம் பவுனில் கோட்டைகள் கட்டும் திட்டத்தைப் பாராளுமன்றத்தின்முன் வைத்தார். கோட்டைகள் எழுந்தன. பிரான்சு வரவே இல்லை. படையெடுத்து வரும் பிரெஞ்சுக்காரரை நோக்கி அவை ஒருமுறையேனும் சுட நேரவில்லை.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது நம் நாட்டுப் பழமொழி. 1862ஆம் ஆண்டில் காப்டன் வெளியிட்ட ‘மூன்று பீதிகள்’ என்னும் நூல் இவ்வுண்மையை வரலாறாக விரித்துரைக்கிறது. 1848, 1852, 1860 ஆகிய ஆண்டுகளை ஒட்டி எழுந்த மூன்று அச்சங்களையும் அவர் அதில் ஆராய்ந்தார். பிரான்சு எத்தனைக் கப்பல் கட்டிற்று, இங்கிலாந்து எத்தனை கட்டிற்று, ஒவ்வொன்றும் செலவிட்ட தொகை யாது என்பவற்றை ஏடுகளிலிருந்து எடுத்து அருகருகே வைத்தார். முதலில் வதந்தி, அடுத்துக் கலக்கம், அதன்பின் வரி, இறுதியில் ஒன்றும் நிகழாமை; எனினும் ஏறிய செலவு மட்டும் இறங்காமை. மூன்று முறையும் இவ்வரிசை மாறவில்லை. காப்டன் நாட்டுக் காவலை வேண்டாதவர் அல்லர். மெய்யான இடர் வருமாயின் எவ்வளவு பொருளும் தரலாம் என்பதே அவர் கொள்கை. இடர் மெய்யா என்று முதலில் கேட்க வேண்டும் என்பதே அவர் வற்புறுத்தியது.

1861ஆம் ஆண்டின் இறுதியில் ‘டிரெண்ட்’ என்னும் கப்பல் காரணமாக இங்கிலாந்தும் அமெரிக்காவும் போரின் விளிம்பில் நின்றன. காப்டனும் பிரைட்டும் அமெரிக்க நண்பர் சார்லஸ் சம்னருக்கு அமைதி வேண்டி மடல்கள் வரைந்தனர். சம்னர் அவற்றை ஆபிரகாம் லிங்கனின் அமைச்சரவையில் படித்துக் காட்டினார். அமெரிக்கர் தாம் சிறைப்பிடித்தவரை விடுவித்தனர், போர் விலகிற்று.

1865ஆம் ஆண்டு மார்ச்சில், அமெரிக்கா கனடாவின்மீது பாயும் என்று அஞ்சி, அங்குக் கோட்டை கட்டப் பணம் கேட்டனர். நுரையீரல் நோயால் நலிந்திருந்த காப்டன், அதனை எதிர்த்துப் பேசக் கடுங்குளிரில் இலண்டனுக்குப் பயணமானார். வந்தவுடன் நோய் முற்றிற்று; மன்றத்திற்குச் செல்ல இயலவில்லை. ஏப்ரல் 2ஆம் நாள் உயிர் நீத்தார். அவருடைய உடல் சசெக்சில், மகனின் கல்லறைக்கு அருகிலேயே அடக்கம் செய்யப்பட்டது.

ஏழாண்டு கழிந்து, 1872இல், ‘அலபாமா’ கப்பல் வழக்கில் இங்கிலாந்தும் அமெரிக்காவும் ஜெனீவாவில் நடுவர் தீர்ப்பை ஏற்றன. ஒரு கோடியே 55 இலட்சம் டாலரை இங்கிலாந்து இழப்பீடாகக் கொடுத்தது. ஒரு துளிக் குருதியும் சிந்தவில்லை. 1849இல் 79 பேர் மட்டுமே ஆதரித்த வழி, பின்னாளில் இரு பெருநாடுகளின் வழியாயிற்று.

வணிகம் பெருகினால் போர் ஒழியும் என்னும் காப்டனின் நம்பிக்கை முழுதும் பலிக்கவில்லை. 1914ஆம் ஆண்டில் தம்முள் பெருவணிகம் செய்த நாடுகளே பெரும்போரில் இறங்கின. ஆயினும் அவர் கற்பித்த வழக்கம் என்றும் வேண்டுவது. மாணவர்களே! நாளை நீங்கள் குடிமக்களாகி வாக்களிக்கப் போகின்றீர்கள். அஞ்சுமாறு உங்களை எவரேனும் அழைத்தால், அஞ்சுவதற்குமுன் மூன்று கேள்வி கேளுங்கள்: இவ்வச்சத்திற்குச் சான்று யாது? இதற்கு விலை எவ்வளவு? அவ்விலையைக் கொடுப்பவர் யார்? இவற்றிற்கு நேர்மையான விடை பெறும் நாட்டில் வீண்போர் எளிதில் மூளாது.