பாராமகால் கண்ட தாமஸ் மன்றோ

காரிமங்கலத்தைத் தன்னகத்தே கொண்ட பாராமகால் பகுதி, ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது 1792 ஆம் ஆண்டிலாகும். மூன்றாம் மைசூர்ப் போரில் தோற்ற திப்பு சுல்தான், சீரங்கப்பட்டின உடன்படிக்கையால் தம் நாட்டின் பாதியை இழந்தார். புதிதாய்க் கிடைத்த அந்நிலத்தை ஆள வந்த அலெக்சாண்டர் ரீடு என்பாரின் உதவியாளருள் ஒருவரே தாமஸ் மன்றோ.

மன்றோ 1761 இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பிறந்தார். வணிகரான தந்தையார், அமெரிக்க விடுதலைப் போரால் வாணிகம் நொடித்துப் பொருளிழந்தார். குடியேற்ற நாடொன்றின் எழுச்சி தம் இல்லத்தையே தாக்கக் கண்ட அவ்விளைஞர், 1780 இல் கம்பெனிப் படையில் சேர்ந்து சென்னை வந்தார்; ஐதர் அலியை எதிர்த்துப் போரிட்டார்.

1792 முதல் 1799 வரை பாராமகாலில் பணியாற்றி, ஊர்தோறும் சென்று உழவரின் நிலையை நேரில் அறிந்தார். உழவரிடமே நேராக வரி பெறும் இரயத்துவாரி முறை இம்மண்ணில்தான் உருப்பெறத் தொடங்கியது. மைசூர் அரசை அறவே வீழ்த்த வேண்டும் என்பதே அந்நாளில் அவர்தம் கருத்து. 1799 இல் திப்பு வீழ்ந்தபின் அந்நாட்டைப் பங்கிட்ட ஆணையத்திற்குச் செயலாளராகவும் இருந்தார்.

1800 இல் ஐதராபாத் நிசாம், தம் காவலுக்கென நிறுத்தப்பட்ட கம்பெனிப் படையின் செலவுக்கு ஈடாகக் கடப்பை, பெல்லாரி முதலிய பகுதிகளை விட்டுக்கொடுத்தார். அவற்றை 1807 வரை ஆண்டவரும் மன்றோவே. காவல் என்னும் பெயரால் ஓர் அரசு கரைவதை அருகிருந்து கண்டார்.

அதனால்தான் போலும், 1817 இல் தலைமை ஆளுநர் ஹேஸ்டிங்ஸ் பிரபுவுக்கு எழுதிய மடலில் அத்துணைப்படைத் திட்டத்தையே குறை கூறினார். அயலார் படை காக்கும் மன்னன் சோம்புவான், குடிகள் நலிவர், ஊர்கள் பாழாகும். அதனினும் கூரியதோர் எச்சரிக்கையும் அம்மடலில் உண்டு. இந்தியா முழுவதும் வெல்லப்பட்டால், எதிரி இல்லாத இந்தியப் படைவீரர் தம் வலிமையை உணர்ந்து தம் தலைவர்மீதே திரும்புவர் என்பது அது. எனினும் அவ்வாண்டிலேயே மராத்தியப் போரில் அவரும் படை நடத்தினார். கருத்து ஒருபுறமும் கடமை ஒருபுறமும் இழுத்த வாழ்க்கை அது.

1820 இல் சென்னை ஆளுநரானார். 1824 இல் தொடங்கிய பர்மியப் போருக்குச் சென்னைப் படைகளை அனுப்பியவரும் அவரே. இரண்டே ஆண்டுகளில் ஏறத்தாழ 15,000 வீரர் மாண்டனர். பெரும்பாலோரை வீழ்த்தியது நோயே. கம்பெனியின் கருவூலமும் நலிந்தது.

1827 சூலை 6 இல் பத்திகொண்டாவில் வாந்திபேதி கண்டு மன்றோ மறைந்தார். முப்பது ஆண்டுகள் கழித்து, 1857 இல் வங்காளப் படை கிளர்ந்தெழுந்தது. மறு ஆண்டே கம்பெனி ஆட்சி முடிந்தது. அயல்நாட்டில் தலையிட்டுப் பெறும் வெற்றி, வென்றவரின் காவலையே அரித்துவிடும் என்பதை அவ்வெற்றியின் கருவியாய் இருந்தவரே முன்னுணர்ந்தார். உணர்ந்தும் அவரால் அதைத் தடுக்க இயலவில்லை. வல்லரசுகள் இன்றும் எண்ணிப் பார்க்கத்தக்க பாடம் இதுவே.