சட்டை மாறல... ஆள் மாறிட்டான்! சாப்ளின் செதுக்கிய ஹீரோவின் கதை

ஹீரோ மாறிட்டார்ங்கிறதை நம்ம சினிமா எப்படிக் காட்டும்? தாடியை எடுப்பார். முடி வெட்டுவார். ஒரு பாட்டு ஓடும். பாட்டு முடியும்போது அழுக்கு லுங்கி போய், இஸ்திரி போட்ட சட்டை வந்திருக்கும். நாலு நிமிஷத்துல வேலை முடிஞ்சது. இதைத் தப்புனு சொல்ல வரல. அந்தப் பாட்டுக்கு விசில் அடிச்ச கூட்டத்துல நாமளும் இருந்திருக்கோம்.

ஆனா, 1914-லிருந்து 1936 வரைக்கும் ஏறக்குறைய ஒரே கோட்டு, ஒரே தொப்பி, ஒரே ஷூவோட சுத்தின ஒரு ஹீரோ இருந்தான். கெட்டப் மாறவே இல்ல. ஆனாலும், அவன் மாறுறதைப் பார்த்து உலகமே அழுதது. அந்த ஹீரோவை எழுதி, இயக்கி, நடித்தவர் சார்லி சாப்ளின். மீம்ல நீங்க பார்த்த அதே மீசைக்காரர்தான். திரைக்கதை எழுதணும்ங்கிற ஆசை உங்களுக்குள்ள இருந்தா, இவர் வாழ்க்கையை ஒரு தடவை வேற கோணத்துல பார்த்துடுங்க.

1889 ஏப்ரல் 16-ல் பிறந்து, லண்டன் ஏழைத் தெருக்களில் வளர்ந்தவர். அப்பா, அம்மா ரெண்டு பேருமே மேடைப் பாடகர்கள். அப்பா குடியில் மூழ்கி, குடும்பத்தை விட்டு விலகிப்போனார். அம்மா ஹன்னாவுக்குக் குரல் போனது, வருமானம் போனது. தையல் மெஷினை வைத்துக்கொண்டு ரெண்டு பிள்ளைகளை வளர்க்கப் பார்த்தார். முடியல. சார்லிக்கு ஏழு வயதாக இருக்கும்போது, மூன்று பேரும் ‘வொர்க்ஹவுஸ்’ வாசலில் போய் நின்றார்கள். கதியில்லாதவர்களுக்கு அந்தக் காலத்து இங்கிலாந்து கொடுத்த இடம் அது. சோறு போடுவாங்க, பதிலுக்கு வேலை வாங்குவாங்க. உள்ளே நுழைந்ததும் தாயையும் பிள்ளைகளையும் தனித்தனியாகப் பிரித்துவிடுவாங்க.

முதல் முறை அம்மாவைப் பார்க்க அனுமதி கிடைத்த நாளை, சாப்ளின் தன் சுயசரிதையில் பதிவு செய்திருக்கிறார். உள்ளே வந்த அம்மாவின் மேல் வொர்க்ஹவுஸ் கொடுத்த உடுப்பு. மேடையில் மினுமினுத்த அம்மா, அந்தத் துணியில் கூனிக்குறுகி நின்றார். அதே ஆண்டுகளில், ஏழைப் பிள்ளைகளுக்கான ஹான்வெல் பள்ளியில் படர்தாமரை வந்ததால் சார்லிக்குத் தலையை மொட்டையடித்து, அயோடின் தடவினார்கள். ஒரு மனுஷனோட வெளித்தோற்றத்தை இன்னொருத்தர் மாத்தும்போது உள்ளே என்ன நடக்கும்னு, கதை எழுத வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே தெரிஞ்சவர் இவர்.

அம்மாவிடமிருந்து இன்னொரு பாடமும் கிடைத்தது. ஹன்னா ஜன்னலோரம் உட்கார்ந்து, தெருவில் போகிறவர்களைப் பார்த்து அவர்கள் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்வார். ஒருத்தர் ஷூ துடைக்கலையா, முகம் வாடியிருக்கா, நடையில் கோபம் இருக்கா... அதை வைத்தே அந்த ஆள் காலையில் மனைவியோடு சண்டை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் கிளம்பியிருக்கிறார்னு கண்டுபிடித்து, அப்படியே நடித்தும் காட்டுவார். ஷூவைப் பார்த்து மனசைப் படிக்கிறது. என்னைக் கேட்டால், சாப்ளின் படித்த ஒரே ஃபிலிம் ஸ்கூல் அந்த ஜன்னல்தான். பின்னர் ஹன்னாவின் மனநலம் குலைந்தது. 14 வயதில் அம்மாவைக் கைப்பிடித்து மருத்துவமனைக்கு அழைத்துப்போக, சார்லியைத் தவிர வீட்டில் ஆள் இல்லை.

அதற்குப் பிறகு நாடக மேடை, ஃப்ரெட் கார்னோவின் காமெடி குழு, அந்தக் குழுவோடு அமெரிக்கப் பயணம். 1913 கடைசியில், கலிபோர்னியாவின் கீஸ்டோன் ஸ்டுடியோவில் வாரம் 150 டாலர் சம்பளத்துக்குச் சேர்ந்தார். காமெடியாக ஏதாவது வேஷம் போட்டு வரச் சொன்னார் முதலாளி மேக் செனட். சாப்ளின் எடுத்ததெல்லாம் ஒன்றுக்கொன்று முரணான பொருள்கள். தொளதொள பேன்ட், இறுக்கமான கோட்டு. சின்னத் தொப்பி, பெரிய ஷூ. கையில் ஒரு பிரம்பு. வயதைக் கூட்டிக் காட்ட, முகபாவத்தை மறைக்காத அளவுக்குக் குட்டி மீசை.

இதுல என்ன ஸ்பெஷல்? அந்த உடுப்பைக் கொஞ்சம் உத்துப் பாருங்க. கோட்டும் தொப்பியும் பிரம்பும் கனவான்களுக்கு உரியவை. கிழிசலும் அளவில்லாத ஷூவும் நாடோடிக்கு உரியவை. பிச்சைக்காரனாகவும் பிரபுவாகவும் ஒரே நேரத்தில் இருக்கிறான் இவன். அவன் யார், யாராக இருக்க ஆசைப்படுகிறான்ங்கிற ரெண்டும் அந்த ஒரு உடுப்பிலேயே இருக்கு. வசனமே வேண்டாம்.

ஆனால் உடுப்பு கிடைத்த அன்றே மனுஷன் கிடைத்துவிடவில்லை. 1914-ல் வந்த அந்த ட்ராம்ப் நமக்குத் தெரிந்த நல்லவன் இல்லை. குடிப்பான், உதைப்பான், சம்பந்தமில்லாதவங்களை வம்புக்கு இழுப்பான். சிரிப்பு வரும், அவன்மேல் பாசம் வராது. 1915-ல் வந்த ‘தி ட்ராம்ப்’ படத்தின் முடிவில்தான் காதல் கிடைக்காமல் தனியாக ரோட்டில் நடந்து போகிறான். உடுப்பு அதேதான், உள்ளே ஒரு ஆள் குடிவந்துவிட்டான்.

1919 ஜூலையில் சாப்ளினின் முதல் குழந்தை பிறந்து மூன்றே நாளில் இறந்தது. அதற்கடுத்து அவர் எடுக்க ஆரம்பித்த படம், 1921-ல் வெளியான ‘தி கிட்’. தெருவில் கிடக்கும் கைக்குழந்தை ட்ராம்ப் கையில் மாட்டுகிறது. எடுத்ததுமே அவன் தியாகி ஆகிவிடுவதில்லை. யார் தலையிலாவது கட்டிவிடப் பார்க்கிறான். சாக்கடை மூடியைத் திறந்து ஒரு கணம் யோசிக்கக்கூடச் செய்கிறான்! அப்படிப்பட்டவன்தான், ஐந்து வருஷம் கழித்து அந்தப் பையனை அதிகாரிகள் அனாதை இல்லத்துக்கு இழுத்துப்போகும்போது கூரை கூரையாகத் தாவி ஓடுகிறான். சாக்கடை மூடிக்கும் அந்தக் கூரைக்கும் நடுவில் இருக்கிற தூரத்தைத்தான் இன்னைக்கு ‘கேரக்டர் ஆர்க்’னு வகுப்பெடுக்கிறாங்க. அந்த ஓட்டத்தில் வொர்க்ஹவுஸ் போன ஏழு வயசுப் பையன் தெரியாமல் இருப்பானா?

இப்போ முக்கியமான கட்டத்துக்கு வருவோம். 1927-ல் பேசும் படம் வந்துவிட்டது. ஹாலிவுட்டே மைக் வாங்க ஓடியது. 1928 ஆகஸ்ட்டில் அம்மா ஹன்னா இறந்தார். அந்த வருடக் கடைசியில் சாப்ளின் படப்பிடிப்பு தொடங்கிய படம், ‘சிட்டி லைட்ஸ்’. வசனம் இல்லாத படம். ரெண்டு வருஷம் தாண்டி, 1931 ஜனவரியில்தான் வெளிவந்தது.

முதலில் யோசித்தது வேறு கதை. பார்வை இழந்த சர்க்கஸ் கோமாளி ஒருவன், நோயாளி மகளிடம் அதை மறைக்கிறான். அதை விட்டுவிட்டு, பார்வையற்ற பூக்காரப் பெண் ஒருத்தி, கையில் காசில்லாத ட்ராம்ப்பைப் பணக்காரன் என்று நினைத்துக்கொள்கிறாள்ங்கிற கதைக்கு வந்தார். அங்கே முட்டிக்கொண்டது. வசனமே இல்லாத படத்தில், அவனைப் பணக்காரன்னு அவள் எப்படி நினைப்பாள்? இந்த ஒரு கேள்வியில் படம் மாதக்கணக்கில் நின்றது. நூற்றுக்கணக்கான முறை அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்ப எடுத்தார். ஸ்டுடியோ சொந்தம் என்பதால் கேட்க ஆளில்லை.

கடைசியில் விடை ஒரு கார் கதவில் கிடைத்தது. டிராஃபிக்கில் நிற்கும் பெரிய காருக்குள், போலீஸுக்குப் பயந்து ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்குகிறான் ட்ராம்ப். கதவு மூடும் சத்தம் அவளுக்குக் கேட்கிறது. கார்க்காரர்தான் இறங்கியிருக்கிறார்னு பூவை நீட்டுகிறாள். சில்லறை எடுப்பதற்குள் நிஜ கார்க்காரர் ஏறிக் கிளம்ப, மீதியைக்கூட வாங்காமல் போய்விட்டார்னு நினைக்கிறாள். அவன் அங்கேயேதான் நிற்கிறான். சத்தம் காட்டாமல், நுனிக்காலில் நகர்ந்து போய் உட்காருகிறான்.

கவனிச்சீங்களா? அவன் பொய்யே சொல்லவில்லை. அவள் தப்பாக நினைத்ததைத் திருத்தவில்லை, அவ்வளவுதான். நம்ம உடுப்பைப் பார்க்காத ஒருத்தி கிடைச்சிருக்கா, இது கலையக் கூடாதுன்னு ஆசைப்படுகிறான். ஹீரோவோட வெளி ஆசை அதுதான். உள்ளுக்குள் அவனுக்குத் தேவை வேற: இருக்கிற கோலத்திலேயே ஒருத்தர் அவனை அடையாளம் காணணும்.

இதுக்குப் பக்கத்திலேயே ஒரு குடிகாரக் கோடீஸ்வரனை வைத்தார் சாப்ளின். போதையில் ட்ராம்ப்பைக் கட்டிப்பிடித்து நண்பன் என்பான். போதை தெளிந்தால் வீட்டைவிட்டுத் துரத்துவான். கண் தெரியாதவளுக்கு இவன் பணக்காரன், நிதானம் இல்லாதவனுக்கு இவன் நண்பன். தெளிவான கண்ணோடு இவனைப் பார்க்க ஊரில் ஒருத்தர்கூட இல்லை.

அவள் நோயில் விழுகிறாள். வாடகை 22 டாலர் பாக்கி. ட்ராம்ப் தெரு கூட்டுகிறான், குத்துச்சண்டையில் அடி வாங்குகிறான். வியன்னாவில் ஒரு டாக்டர் பார்வை தருகிறார் என்ற செய்தியைப் படித்துச் சொல்வதும் அவன்தான். அங்கேதான் திரைக்கதை அவன் கழுத்தில் கத்தியை வைக்கிறது. அவளுக்குப் பார்வை வந்தால் அவன் கட்டிக்காத்த மாயம் உடையும். தெரிந்தேதான் கோடீஸ்வரன் கொடுத்த 1,000 டாலரைக் கொண்டுவந்து கொடுக்கிறான். திருட்டுப் பழி, கைது, ஜெயில்.

பல மாதம் கழித்து வெளியே வருகிறான். இத்தனை படங்களில் நாம் பார்த்த அதே உடுப்புதான், ஆனால் இந்த முறை நிஜமாகவே கந்தல். கனவான் பாவனைகூட இல்லை. தெருப் பையன்கள் கிண்டல் செய்கிறார்கள். அவளோ பார்வை வந்து, கண்ணாடி வைத்த பூக்கடை நடத்துகிறாள். இதுதான் சாப்ளின் போட்ட கணக்கு: வெளித்தோற்றம் கீழே இறங்கிக்கொண்டே போகும், உள்மனசு மேலே ஏறிக்கொண்டே போகும். கடைசிக் காட்சியில் ரெண்டுக்கும் இடைவெளி உச்சத்தில் இருக்கும்போது, இவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஒரு பூவும் காசும் கொடுக்க வருகிறாள். கை படுகிறது. விரலால் தடவிப் பார்த்ததும் புரிந்துவிடுகிறது. கண்ணால் தெரியாதது கையால் தெரிகிறது.

அதோடு படம் முடிகிறது. சேர்ந்தார்களா? சொல்லவில்லை. அவன் முகம் மட்டும் இருக்கிறது. அந்த குளோஸ்-அப்பில் தான் நடிக்கவே இல்லை, அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன் என்ற பொருளில் பின்னாளில் நினைவுகூர்ந்தார் சாப்ளின். இன்னொரு விஷயம், ட்ராம்ப் ஒரு மரக்குச்சியோடு மல்லுக்கட்டும் ஏழு நிமிஷ காமெடி ஒன்றை எடுத்துவிட்டு, படத்திலிருந்து வெட்டி எறிந்தார். தனியாகப் பார்த்தால் அட்டகாசமான காட்சி. கதையில் ஹீரோவை ஓர் அங்குலம்கூட நகர்த்தாது. நாமளா இருந்தா டிரெய்லர்ல வெச்சிருப்போம்!

இந்தக் கதை உங்களுக்கு எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கும். ஜெமினியின் ‘ராஜி என் கண்மணி’ (1954) இதிலிருந்துதான் வந்தது. 1999-ல் எழில் இயக்கிய ‘துள்ளாத மனமும் துள்ளும்’ படத்துக்கும் விதை இதுதான். ஜெயிலில் இருந்து வரும் குட்டி, கலெக்டரான ருக்மணி. நம்ம ஊரில் அவளுக்கு அவனோட குரல் தெரியும், பாட்டு தெரியும். சாப்ளினிடம் ஒரு கை மட்டும்தான் இருந்தது.

படத்தில் இருந்தவனைவிடப் படம் எடுத்தவர் நல்லவரா என்றால், சந்தேகம்தான். பூக்காரியாக நடித்த வர்ஜீனியா செரிலைப் பாதியில் வேலையைவிட்டு அனுப்பி, வேறு நடிகையை வைத்து எடுத்துப் பார்த்து, சரிவராமல் திரும்ப அழைத்தார். 1924-ல் அவர் திருமணம் செய்த லீட்டா கிரேக்கு வயது 16. மூன்றே வருஷத்தில் கசப்பான விவாகரத்து. தன் ஹீரோவுக்குக் கொடுத்த மாற்றத்தைத் தனக்குக் கொடுத்துக்கொள்ள அவருக்கு ரொம்ப நாள் ஆனது.

‘மாடர்ன் டைம்ஸ்’ (1936) படத்துக்கு முதலில் எடுத்த முடிவில் நாயகி கன்னியாஸ்திரி ஆகிவிடுவாள். அதைத் தூக்கிப்போட்டுவிட்டு, ரெண்டு பேரும் கைகோத்து ரோட்டில் நடந்துபோகிற மாதிரி மாற்றினார். 1915-ல் தனியாகப் போனவனுக்கு 21 வருஷம் கழித்துத் துணை கிடைத்தது. 1940-ல் ‘தி கிரேட் டிக்டேட்டர்’. அதில் ட்ராம்ப் சாயலில் ஒரு யூத முடிதிருத்துபவர், ஆள்மாறாட்டத்தில் சர்வாதிகாரியின் சீருடையில் மேடை ஏறுகிறார். கெட்டப் முழுசா மாறியாச்சு, ஆள் அதே ஆள். பயந்த சுபாவம் உள்ள அவர் வாயைத் திறந்து உலகத்தோடு பேசுகிறார். அதற்குப் பிறகு ட்ராம்ப்பாக சாப்ளின் நடிக்கவில்லை.

1952-ல் அமெரிக்கா அவர் திரும்பி வரும் அனுமதியை ரத்து செய்தது. சுவிட்சர்லாந்தில் குடியேறி, 1972-ல் கௌரவ ஆஸ்கர் வாங்க மட்டும் திரும்பி வந்தார். 1977 கிறிஸ்துமஸ் அன்று காலமானார்.

‘சிட்டி லைட்ஸ்’ ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவான படம். போன்லயே பார்க்கலாம், ஹெட்போன் மட்டும் போட்டுக்கோங்க, இசையும் சாப்ளின் அமைத்ததுதான். ஜெயிலில் இருந்து வெளியே வரும்போது ட்ராம்ப்போட கையைக் கவனிங்க. எப்பவும் சுழற்றிக்கிட்டே இருப்பானே, அந்தப் பிரம்பு இருக்காது. எங்கே போச்சுன்னு படம் சொல்லவும் சொல்லாது.