மாறிக்கொண்டே இருந்த வைரஸும் ஜோனாஸ் சால்க்கும்

ஜோனாஸ் சால்க் என்றதும் நினைவுக்கு வருவது இளம்பிள்ளை வாதத் தடுப்பூசிதான். ஆனால், அந்த அமெரிக்க மருத்துவ விஞ்ஞானி தடுப்பூசித் தயாரிப்பைக் கற்றுக்கொண்டது ஃப்ளூ எனப்படும் இன்ஃபுளுவென்சா காய்ச்சலுக்கான ஆய்வில்.

1914ஆம் ஆண்டு நியூயார்க்கில் ஒரு யூதக் குடும்பத்தில் அவர் பிறந்தார். மருத்துவ மாணவராக இருந்தபோது, தாமஸ் பிரான்சிஸ் என்ற வைரஸ் ஆய்வாளரிடம் சேர்ந்தார். 1942இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மீண்டும் அவருடன் இணைந்தார். அப்போது இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. 1918ஆம் ஆண்டின் ஃப்ளூ, முகாம்களில் சிப்பாய்களைக் கொத்துக்கொத்தாகப் பலிகொண்டதை அமெரிக்க இராணுவம் மறந்திருக்கவில்லை.

கருவுற்ற கோழிமுட்டைகளில் வைரஸை வளர்த்து, ஃபார்மலின் கொண்டு அதனைச் செயலிழக்கச் செய்து ஊசி மருந்தாக்கினர். 1943இல் ஏறத்தாழ 12,500 இராணுவப் பயிற்சி மாணவர்களிடம் அது பரிசோதிக்கப்பட்டது. பாதிப்பேருக்கு மருந்தில்லாத ஊசி. தடுப்பூசி பெற்றோரிடையே நோய் வெகுவாகக் குறைந்திருந்தது. இவ்வகை ஊசியால் ஃப்ளூ வந்துவிடும் என்ற அச்சம் இன்றும் பலரிடம் இருக்கிறது. செயலிழந்த வைரஸால் அது இயலாது.

ஆனால் 1947இல் அதே ஊசி ஏறக்குறைய பயனற்றுப் போனது. மருந்தில் குறையில்லை, வைரஸ்தான் உருமாறியிருந்தது. உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை, ஊசியில் எந்தெந்த வைரஸ் வகைகள் இடம்பெற வேண்டும் என்று பரிந்துரைப்பதும், ஆண்டுதோறும் ஊசி போட வேண்டியிருப்பதும் இந்த உருமாற்றத்தின் காரணமாகவே.

அதே ஆண்டு பிட்ஸ்பர்க் சென்ற சால்க், இளம்பிள்ளை வாதத்திலும் செயலிழந்த வைரஸ் முறையையே கையாண்டார். 1955 ஏப்ரல் 12ஆம் தேதி, அது வெற்றி என்று அறிவித்தவர் அவரது பழைய ஆசான் பிரான்சிஸ். தேவாலய மணிகள் ஒலித்தன. அந்த மாதமே, ஒரு நிறுவனத்தின் மருந்தில் உயிருள்ள வைரஸ் எஞ்சியிருந்ததால் குழந்தைகள் முடமாயினர். 10 பேர் உயிரிழந்தனர். எனினும் மக்களின் நம்பிக்கை மீண்டது. தடுப்பூசி என்றால் நோய் ஒழிந்துவிடும் என்ற எதிர்பார்ப்பையும் அந்த வெற்றியே வளர்த்தது. ஃப்ளூ ஊசியால் அந்த எதிர்பார்ப்பை நிறைவேற்ற முடிந்ததில்லை.

1976இல் நியூஜெர்சி இராணுவ முகாமொன்றில் புதுவகைப் பன்றிக் காய்ச்சலால் ஒரு சிப்பாய் இறந்தார். 1918 திரும்பிவிடுமோ என்ற அச்சத்தில், அமெரிக்கர் அனைவருக்கும் ஊசி என்று அதிபர் ஃபோர்டு அறிவித்தார். சால்க்கும், அவரது நெடுநாள் போட்டியாளரான ஆல்பர்ட் சேபினும் அதனை ஆதரித்தனர். நான்கு கோடிக்கும் அதிகமானோர் ஊசி போட்டுக்கொண்டனர். கொள்ளைநோயோ வரவேயில்லை. ஊசி பெற்றவர்களில் ஏறக்குறைய லட்சத்தில் ஒருவருக்கு அதனால் நரம்புத் தளர்ச்சி நோய் ஏற்பட்டதாகப் பின்னர் கணக்கிடப்பட்டது. டிசம்பரில் திட்டம் நிறுத்தப்பட்டது.

வராத நோய்க்குப் போட்ட ஊசியின் பாதிப்பே மக்கள் மனதில் நின்றது. சால்க் தமது இறுதி ஆண்டுகளில் எச்ஐவிக்குத் தடுப்பூசி தேடினார்; அதுவும் உருமாறும் வைரஸ். 1995 ஜூன் மாதம் கலிபோர்னியாவில் அவர் காலமானார்.