வில்லுப்பாட்டிலிருந்து வெள்ளித்திரைக்கு

நாஞ்சில் நாட்டுச் சிற்றூர்களின் கோயில் கொடைவிழாக்களில் இரவு முழுவதும் வில்லுப்பாட்டு ஒலிக்கும். நீண்ட வில்லின் நாணை வீசுகோலால் தட்டியபடி ஒருவர் கதை சொல்வார். குடமும் உடுக்கையும் துணை நிற்கும். கதையின் ஓட்டத்தில் சிறு இடைவெளி கிடைத்தால் போதும், ஊர் நடப்பு ஒன்றை நுழைத்துக் கேட்போரைச் சிரிக்க வைத்துவிடுவார். நாகர்கோவிலை ஒட்டிய ஒழுகினசேரியில் 1908ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள் பிறந்த என்.எஸ். கிருஷ்ணன் கேட்டு வளர்ந்த கலை இது.

தந்தையார் சுடலைமுத்து, தாயார் இசக்கியம்மாள். வறுமையால் பள்ளிப்படிப்பு நான்காம் வகுப்போடு நின்றது. டென்னிஸ் மட்டைக்கு நரம்பு கட்டும் வேலை பார்த்தார். நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்றார். விற்க வந்த சிறுவனின் கண்கள் மேடையை விட்டு அகலவில்லை. பின்னர் டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் சேர்ந்தார். தேசபக்தி என்னும் நாடகத்தில் அவர் காந்தியடிகளின் வரலாற்றை வில்லுப்பாட்டாகப் பாடினார். தெய்வக் கதை சொன்ன வில், நாட்டு விடுதலையைச் சொல்லத் தொடங்கியது.

மேனகா (1935), சதிலீலாவதி (1936) ஆகிய படங்களின் வழியே திரைக்கு வந்தார். வசந்தசேனா படப்பிடிப்புக்காகப் புனேவுக்குச் சென்றபோது அறிமுகமான டி.ஏ. மதுரம் அவருடைய வாழ்க்கைத் துணைவியாகவும் திரை இணையாகவும் ஆனார். அந்நாளில் புராணக் கதைகளே மிகுதியாகப் படமாயின. அவற்றுக்கு இடையே கிருஷ்ணன் தம் குழுவினரோடு சேர்ந்து உரையாடல், பாட்டு, சிறு கதை அனைத்தையும் தாமே அமைத்து நகைச்சுவைப் பகுதியை உருவாக்கினார். உடற்குறையைக் கேலி செய்தும் ஒருவரையொருவர் அடித்தும் சிரிப்பு மூட்டுவது எளிது. அவர் அந்த எளிய வழியை நாடவில்லை. மூடநம்பிக்கையும் போலி ஆசாரமும் குடிப்பழக்கமுமே அவருடைய கேலிக்கு இலக்காயின.

இதற்குச் சிறந்த சான்று, உடுமலை நாராயணகவி எழுதிய கிந்தனார் கதை. தில்லைக்குச் செல்ல ஏங்கிய நந்தனாரின் கதையைக் காலட்சேபமாகக் கேட்டுப் பழகிய மக்களுக்கு, அதே காலட்சேப வடிவில் கிருஷ்ணன் வேறொரு கதை சொன்னார். தாழ்த்தப்பட்ட குடியில் பிறந்த கிந்தன் விரும்புவது கோயில் தரிசனத்தை அன்று, கல்வியை. அதற்காகவே அவன் ரயிலேறிச் சென்னை செல்கிறான். படித்து முடித்துக் கல்வி அதிகாரியாகத் தன் ஊர்ப் பள்ளிக்கே திரும்பி வருகிறான். மெட்டும் பாவனையும் பழையவை, கேட்டவர் சிரித்தனர். ஆயினும், சிரிப்பு அடங்கியபின் எஞ்சி நின்றது சாதியைப் பற்றிய கேள்வி.

புகழின் உச்சியில் பேரிடி விழுந்தது. 1944இல் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் எம்.கே. தியாகராச பாகவதருடன் அவரும் கைதானார். மறு ஆண்டு இருவருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. உயர்நீதிமன்றமும் அதனை உறுதி செய்தது. மதுரம் தளரவில்லை. வழக்கு இலண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் வரை சென்றது. அது மறு விசாரணைக்கு வழிவகுத்தது. எஸ்.வி. சகஸ்ரநாமத்தின் துணையுடன் மதுரம் நாடகக் குழுவையும் கலையாமல் காத்தார். 1947 ஏப்ரலில் இருவரும் குற்றமற்றவர்கள் எனத் தீர்ப்பாகி விடுதலை பெற்றனர். பாகவதரால் பழைய இடத்தைத் திரும்பப் பெற இயலவில்லை. கிருஷ்ணனை மக்கள் விட்ட இடத்திலிருந்தே வரவேற்றனர். அவ்வாண்டிலேயே நாடகப் பேராசிரியர் பம்மல் சம்பந்த முதலியார் அவருக்குக் 'கலைவாணர்' என்னும் பட்டத்தை வழங்கினார்.

அறிஞர் அண்ணாவின் எழுத்தில் உருவான நல்லதம்பி (1949) படத்தில் கிந்தனார் கதை இடம்பெற்றது. பொத்தானை அழுத்தினால் இட்லி வரும் காலத்தைக் கனவு காணும் அறிவியல் பாடலும் அதில் உண்டு. மணமகள் (1951), பணம் (1952) ஆகிய படங்களை அவரே இயக்கினார். காந்தியடிகளின் மறைவுக்குப்பின் நாகர்கோவில் நகராட்சிப் பூங்காவில் தம் பொருட்செலவில் நினைவுத்தூண் எழுப்பினார். சுப்பு ஆறுமுகம் என்னும் இளைஞரைச் சென்னைக்கு அழைத்து வந்து வில்லுப்பாட்டுக்கு ஒரு வாரிசையும் தேடித் தந்தார்.

ஈட்டிய பொருளை அவர் சேர்த்து வைத்தவர் அல்லர். கேட்டவருக்கெல்லாம் கொடுத்தார், இறுதி நாள்களில் கையில் எதுவும் மிஞ்சவில்லை. 1957 ஆகஸ்டு 30ஆம் நாள், தம் 48ஆம் வயதில் சென்னையில் மறைந்தார்.

1969 பொங்கல் திருநாளன்று சென்னையில் அவருடைய சிலை திறக்கப்பட்டது. அதனைத் திறந்து வைத்தவர், கடும் நோயுற்றிருந்த முதலமைச்சர் அண்ணா. அவர் கலந்துகொண்ட கடைசிப் பொதுவிழா அதுவே.