வானத்தைச் சான்றாகக் கொண்ட வடசேரிப் பரமேசுவரர்

நாளும் கோளும் பார்த்து நற்செயல் தொடங்குவது தமிழர் இல்லங்களில் தொன்றுதொட்டு வரும் வழக்கம். பிழைப்பை நாடிப் பொன்முடி மலையடிவாரத்துக்கு வந்து, கல்லாற்றின் ஓசையைத் தாலாட்டாகக் கொண்டு வாழும் நம் குடும்பங்களும் இவ்வழக்கத்தைக் கைவிடவில்லை. ஆயின் நம் குடியிருப்பில் ஒரு வீட்டுச் சுவரில் வாக்கியப் பஞ்சாங்கம் தொங்குகிறது. அடுத்த வீட்டில் திருக்கணிதப் பஞ்சாங்கம் இருக்கிறது. மூன்றாம் வீட்டிலோ மலையாள நாட்காட்டி. திதி முடியும் நேரம் இவற்றுள் சில நாழிகை வேறுபடும்போது, ஒரு தந்தைக்குப் பிறந்த அண்ணன் ஒரு நாளும் தம்பி மறுநாளும் சிராத்தம் செய்ய நேரிடுகிறது. யார் கணக்குச் சரி என்னும் பேச்சு மனத்தாங்கலில் போய் முடிவதையும் நாம் கண்டிருக்கிறோம்.

இவ்வினா இன்று நேற்று எழுந்ததன்று. ஏறத்தாழ ஆறு நூற்றாண்டுகளுக்கு முன்னர், நாம் வாழும் இதே கேரள நாட்டில், பேரறிஞர் ஒருவர் தம் வாழ்நாளையே இதற்கு விடை காண்பதில் செலவிட்டார். அவரே வடசேரிப் பரமேசுவரர். அவர் வரலாற்றை நம் சங்கத்து அன்பர்கள் அறிவது நலம்.

முதற்கண் சோதிடத்தின் தோற்றத்தைச் சிறிது நோக்குவோம். வேதத்தின் அங்கங்கள் ஆறனுள் சோதிடம் ஒன்று. இலகதர் பெயரால் வழங்கும் வேதாங்க சோதிடம் வேள்விக்குரிய காலத்தை அறிவதற்காக எழுந்த நூல். ஞாயிறு, திங்கள் ஆகியவற்றின் செலவும், இருபத்தேழு நட்சத்திரங்களும், ஐந்தாண்டு கொண்ட யுகமுமே அதன் பொருள். பிறந்த வேளையைக் கொண்டு பலன் கூறும் சாதகம் அதில் இல்லை. பன்னிரண்டு இராசிகளும் இலக்கினமும் பிற்காலத்தில் யவனர் தொடர்பால் வந்து கலந்தன. ஓரை என்னும் சொல்லே யவனர் மொழியிலிருந்து வந்ததென்பர் அறிஞர். கி. பி. ஆறாம் நூற்றாண்டில் வாழ்ந்த வராகமிகிரர் இவையனைத்தையும் தொகுத்து, கணிதம், ஓரை, சங்கிதை என மூன்று கிளைகளாக வகுத்துரைத்தார். கணிதம் கோள்களின் நிலையைக் கணக்கிடுவது. ஓரை பிறப்புப் பலன் கூறுவது. சங்கிதை மழை, விளைவு, நிமித்தம் முதலிய பொதுப்பலன்களைக் கூறுவது. கேரளத்தில் பிரசினம் தனிக்கிளையாகச் செழித்தது. பதினேழாம் நூற்றாண்டில் இங்கே இயற்றப்பெற்ற பிரசின மார்க்கம் சாதகம், கோளம், நிமித்தம், பிரசினம், முகூர்த்தம், கணிதம் என ஆறு அங்கங்களைக் கூறும். கிளைகள் எத்தனையாயினும் அடிமரம் கணிதமே. அடிமரம் சாய்ந்தால் கிளைகள் நிற்குமா?

பரமேசுவரர் பதினான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வடசேரி என்னும் நம்பூதிரி இல்லத்திற் பிறந்தவர். அவருடைய ஊர், பாரதப்புழை என்னும் நிளையாறு கடலொடு கலக்கும் இடத்துக்கு அணித்தான ஆலத்தியூர். வடமொழியில் அதனை அசுவத்த கிராமம் என்பர். 1861-ஆம் ஆண்டில் கேரளத்தின் முதல் புகைவண்டி புறப்பட்ட திரூர் அதற்கு அண்மையிலேதான் உள்ளது. சங்கமகிராமத்து மாதவர் இவருடைய ஆசிரியருள் ஒருவர். வட்டத்தின் சுற்றளவை முடிவிலாத் தொடரால் கண்ட பெருங்கணிதர் அம்மாதவர். ஐரோப்பியர் அத்தகைய தொடரைப் பதினேழாம் நூற்றாண்டிலேதான் கண்டனர்.

அந்நாளில் கேரளத்தில் வழங்கிய கணித முறைக்குப் பரகிதம் என்று பெயர். ஆரியபடர் 499-இல் செய்த நூலை அடியாகக் கொண்டு, அரிதத்தர் 683-இல் அதனை வகுத்தார். எண்களை எழுத்துகளாக்கி, எளிய சொற்றொடர்களாக மனப்பாடம் செய்யும் வழக்கமும் இந்நாட்டில் வேரூன்றியிருந்தது. திங்களின் செலவைக் கூறும் அத்தகைய வாக்கியங்கள் 248. திங்கள் ஒன்பது சுற்றில் விரைவும் மெதுவுமாகச் சென்று தொடங்கிய நிலைக்கு மீள்வதற்கு 248 நாள் ஆவதால் அவ்வெண் அமைந்தது. நம் வாக்கியப் பஞ்சாங்கத்தின் பெயரும் இத்தகைய வாக்கியங்களிலிருந்தே வந்தது. ஆனால் கணக்கில் ஓரணுவளவு பிழையிருப்பினும் ஆண்டுகள் ஏற ஏற அது மலையாய் வளரும். பரமேசுவரர் காலத்திற்குள் பரகிதம் வகுத்து எழுநூறு ஆண்டுகள் கடந்திருந்தன. ஏட்டிலுள்ள கோள் ஓரிடத்திலும் வானத்திலுள்ள கோள் வேறிடத்திலுமாக நின்றன.

ஏட்டை நம்புவதா, கண்ணை நம்புவதா? பரமேசுவரர் வானத்தையே சான்றாகக் கொண்டார். அதற்குக் கிரகணமே தகுந்த உரைகல்லாயிற்று. திங்கள் ஞாயிற்றை நோக்க ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ அரைப் பாகையே நகர்கிறது. தன் உருவின் அகலமும் அவ்வளவே. ஆகவே கணக்கில் அரைப் பாகை பிழைத்தால், கிரகணம் ஒரு மணி நேரம் முந்தியோ பிந்தியோ நிகழும். அப்பிழையை எவரும் மறைக்க இயலாது. 1393 முதல் 1432 வரை தாம் கண்ட கிரகணங்களை அவர் குறித்து வைத்தார். தொலைநோக்கி தோன்றாத காலம் அது. ஞாயிற்றின் நிழலை அளந்து பொழுதறிந்த அந்நாளில், மழைமேகம் சூழும் மேலைக் கடற்கரையில், இப்பணியை ஒருவர் இளமை முதல் முதுமை வரை செய்தாரெனில் அவருடைய பொறுமையை என்னென்பது! ஐம்பத்தைந்து ஆண்டுகள் அவர் வானத்தை ஆராய்ந்தார் எனப் பின்வந்த நீலகண்டர் பதிவு செய்துள்ளார்.

அவ்வுழைப்பின் பயனாக 1431-இல் திருக்கணிதம் என்னும் நூல் தோன்றியது. திருக்கு என்பது பார்வை. கண்ணால் கண்டதொடு ஒத்துவரும் கணிதம் என்பது பொருள். முன்னோரை அவர் இகழ்ந்தாரல்லர். ஆரியபடர் நூலுக்கும், பாஸ்கரர் நூல்களுக்கும், சூரிய சித்தாந்தத்துக்கும் பக்தியோடு உரை வரைந்தவர் அவரே. முன்னோர் நூலைக் கற்பதும் வேண்டும், அதனைத் திருத்துவதும் வேண்டும் என்பதே அவர் கண்ட நெறி. மக்களும் பரகிதத்தை ஒரேயடியாகத் தள்ளிவிடவில்லை. முகூர்த்தம் முதலியவற்றுக்குப் பழைய முறையும், சாதகம், கிரகணம் முதலியவற்றுக்குப் புதிய முறையுமாக இரண்டும் இந்நாட்டில் நெடுங்காலம் உடன் வாழ்ந்தன.

அவருடைய பிற பணிகளும் பல. 1443-இல் கோள தீபிகையை இயற்றினார். சாதகம், முகூர்த்தம், பிரசினம் ஆகியவற்றுக்குரிய நூல்களுக்கும் உரை கண்டார். வட்டத்துள் அமைந்த நாற்கரத்தின் பக்கங்களைக் கொண்டு வட்டத்தின் ஆரத்தைக் காணும் விதியைக் கூறினார். ஐரோப்பாவில் அவ்விதி 1782-இல் லூயிலியே என்பவரால் வெளிவந்தது. ஆரியபடீயத்துக்கு இவர் வரைந்த உரையை 1874-இல் ஆலந்து நாட்டு லைடன் நகரில் கெர்ன் என்னும் அறிஞர் அச்சிட்டார்.

பரமேசுவரரின் மைந்தர் தாமோதரர். தாமோதரரின் மாணாக்கர் 1444-இல் பிறந்த நீலகண்ட சோமயாசி. கணக்கைக் காலந்தோறும் வானத்தோடு ஒத்துப்பார்த்துத் திருத்துதல் வேண்டும் என்பதை இவர் தனிநூலாகவே எழுதினார். தமிழ்நாட்டுச் சுந்தரராசர் என்பவர் வாக்கிய முறைக்கு உரை கண்டவர். அவர் தம் ஐயங்களை நீலகண்டருக்கு விடுக்க, இவர் விடையளித்தார். மலை குறுக்கிட்டும் தமிழரும் கேரளரும் அறிவால் உறவாடிய அச்செய்தி, இம்மண்ணில் வந்து வாழும் நமக்குப் பெருமகிழ்ச்சி தருவதாகும்.

இவ்வரலாற்றால் நாம் அறிவது யாது? புகைவண்டி அலுவலகத்தில் பணிபுரியும் நாம் கால அட்டவணையை மதிக்கிறோம். ஆயினும் வண்டி நிலையத்துக்கு வந்த நேரத்தையே பதிவேட்டில் எழுதுகிறோம். அட்டவணையில் உள்ளதை அன்று. அட்டவணையும் அவ்வப்போது திருத்தப்படுகிறது. பஞ்சாங்கமும் அத்தகையதே. கோள்கள் மனிதர் வாழ்வை நடத்துகின்றன என்பது நம்பிக்கை. தற்கால ஆராய்ச்சிகள் அதற்கு ஆதரவு தரவில்லை. ஆனால் கோள் எங்கே நிற்கிறது என்பது யாவரும் கண்டு தெளியத்தக்க உண்மை. அவ்வுண்மையில் வானத்தோடு பொருந்தும் கணக்கே சரியான கணக்கு. 1952-இல் மேகநாத சாகா தலைமையில் இந்திய அரசு அமைத்த நாட்காட்டிச் சீர்திருத்தக் குழுவும் இந்நெறியையே பின்பற்றியது.

வாக்கிய முறையும் ஒரு காலத்தில் முன்னோர் வானத்தை நோக்கிக் கண்டதே என்பதை மறவற்க. பெற்றோர் திதி பிள்ளைகளை ஒன்று கூட்டுவதற்கு வாய்த்த நாள். அதனை இரண்டாகப் பிளப்பது எந்தப் பஞ்சாங்கத்தின் நோக்கமுமன்று. ஆதலின் ஆண்டுப் பிறப்புக்கு முன்னரே உடன்பிறந்தார் கூடியிருந்து, ஒரு பஞ்சாங்கத்தைத் தேர்ந்து, ஒரே நாளில் கடன் ஆற்றுவார்களாக. அடுத்த கிரகணம் வரும்போது நம் சிறுவர்களை அச்சுறுத்தி அறைக்குள் அடைக்காது, கண்ணுக்குத் தக்க காப்புடன் முற்றத்துக்கு அழைத்துச் சென்று, பஞ்சாங்கத்தில் குறித்த நேரத்தையும் வானத்தில் நிகழும் நேரத்தையும் ஒப்பிடச் செய்வோமாக. வடசேரிப் பரமேசுவரருக்கு நாம் செலுத்தத்தக்க வணக்கம் அதுவே.